வாசகர் கேள்வி–பதில்: பயிற்சியில் உயிர்நீத்த விமானப்படை வீரர்கள்

சென்ற இதழில் கடலூர் வாசகி ஒருவரின் கடிதத்தைச் சுருக்கமாக வெளியிட்டு, விரிவான பதில் பிறகு வரும் என்று சொல்லியிருந்தோம். அதைப் படித்த வேறு சிலரும் அதே பொருளில் எழுதியிருப்பதால் இம்முறை பக்கம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் பாட்டியின் தம்பி 1943-இல் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இந்திய விமானப்படையில் சேர்ந்தார். மறு ஆண்டே வடக்கே எங்கோ பயிற்சியின்போது விமானம் விழுந்து இறந்துவிட்டார். அவருடைய படத்தைப் புதிதாகச் சட்டமிட்டு, கீழே ‘இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்தவர்’ என்று எழுதி மாட்ட விரும்பினேன். “போர்முனையையே பார்க்காதவருக்கு அப்படி எழுதலாமா? விபத்தில் போனவர்தானே!” என்று சித்தப்பா தடுக்கிறார். எது சரி? படத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாக எழுதலாம், எழுதுவதுதான் முறை. போரில் இறந்தவர் என்று யாரைச் சொல்வது என்பதற்கு ஏற்கெனவே ஒரு வரையறை இருக்கிறது. பிரிட்டன், இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் படைகளில் சேர்ந்து இரண்டு உலகப் போர்களிலும் இறந்துபோன ஏறத்தாழ 17 லட்சம் பேரின் நினைவைப் பேணிவரும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைப்பணியில் இருக்கும்போது இறந்த ஒவ்வொருவரையும் இரண்டாம் உலகப் போரின் உயிரிழப்பாகவே கணக்கில் கொள்கிறது. எதிரியின் குண்டு பட்டதா, பயிற்சி விமானம் விழுந்ததா, காய்ச்சலில் போனாரா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அதிகாரியானாலும் சிப்பாயானாலும் கல்லறைக் கல் ஒரே அளவில்தான் இருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே கொள்கையாக வகுத்துக்கொண்ட அமைப்பு அது. அந்த வரையறையின்படி உங்கள் சின்னத் தாத்தா போரில் உயிர்நீத்தவர்தான்.

உங்கள் சித்தப்பாவின் தயக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். முன்னணியில் நின்று சண்டையிட்டவருக்கு உரிய பெருமையை வேறொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாதே என்ற நேர்மை அதில் இருக்கிறது. ஆனால் நம் வீட்டு வழக்கம்கூட அப்படிப் பிரிப்பதில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லலாம். மகாளய பட்சத்தில் அமாவாசைக்கு முந்தைய சதுர்த்தசியைப் பஞ்சாங்கத்தில் ‘சஸ்திரஹத மகாளயம்’ என்று குறித்திருப்பார்கள். ஆயுதத்தால் மாண்டவர்களுக்கும் விபத்தில் மாண்டவர்களுக்கும் சேர்த்தே ஒதுக்கப்பட்ட நாள் அது. இறந்த திதி சரியாகத் தெரியாமல் இத்தனை ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால், அந்த நாளில் அவரை நினைத்துச் செய்யலாம்.

படத்துக்குக் கீழே எழுதுவதற்கு என் யோசனை இது: ‘இரண்டாம் உலகப் போரின்போது இந்திய விமானப்படையில் பணியாற்றி, 1944-இல் விமானப் பயிற்சியில் உயிர்நீத்தவர்.’ பயிற்சி என்பதை மறைக்க வேண்டிய தேவை இல்லை. சொல்லிவிட்டால் சித்தப்பாவுக்கும் மனத்தாங்கல் இருக்காது, நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது உள்ளது உள்ளபடி தெரியும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் இருக்கின்றன. தொப்பியின் முன்பக்கத்தில் செருகியதுபோல் ஒரு வெள்ளைத் துணிப் பட்டை தெரிகிறது. விமானத்தில் பறக்கும் பணிக்காகப் பயிற்சி பெறுகிறவர்கள் அணிந்த அடையாளம் அது. பிரிட்டிஷ் அரச விமானப்படையின் சீருடை வழக்கத்தைத்தான் அக்கால இந்திய விமானப்படையும் பின்பற்றியது. அடுத்து, இடது மார்பில், சட்டைப் பைக்கு மேலே, சிறகுச் சின்னம் எதுவும் இல்லை. இரு பக்கமும் விரிந்த சிறகு இருந்தால் அவர் தேர்ச்சி பெற்ற விமானி. ஒற்றைச் சிறகும் அதனடியில் வட்டத்துக்குள் ஆங்கில எழுத்தும் இருந்தால் அவர் வழிகணிப்பவர், துப்பாக்கி இயக்குபவர் போன்ற மற்றப் பணியினர். இரண்டும் இல்லாததால், அவர் படையில் சேர்ந்த புதிதில் எடுத்த படம் இது என்று கொள்ளலாம். சட்டமிடக் கொடுப்பதற்கு முன் படத்தின் பின்பக்கத்தையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அவர் பயிற்சி பெற்ற ஊரைக் கண்டுபிடிக்க அதுவே போதும்.

கேள்வி: பயிற்சி என்றால் பாதுகாப்பாக நடக்க வேண்டிய ஒன்றல்லவா? போர்முனைக்குப் போகாமலே விமானப்படையினர் இறப்பது அப்படி அடிக்கடி நடந்ததா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: மிக அடிக்கடி நடந்தது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் பிரிவில் மட்டும் போர்க்காலத்தில் 55,573 பேர் இறந்தார்கள். அவர்களில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் பயிற்சியிலும் போர்ப்பணி அல்லாத பறப்புகளிலும் இறந்தவர்கள். அமெரிக்க ராணுவ விமானப்படை, எதிரி விமானம் எட்டிப்பார்க்காத தன் சொந்த மண்ணின் வானத்திலேயே, சுமார் 15,000 பேரை விபத்துகளில் பறிகொடுத்தது.

அவசரம்தான் இதற்கு முதற்காரணம். 1932-இல் தொடங்கப்பட்ட இந்திய விமானப்படையில், 1939-இல் போர் மூண்டபோது ஸ்குவாட்ரன் எனப்படும் முழுமையான விமான அணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போர் முடிவதற்குள் அது ஒன்பதாக வளர்ந்தது. மோட்டார் வாகனத்தைக்கூட ஓட்டிப் பழகாத இளைஞர்களைக் கல்லூரியிலிருந்து எடுத்து, ஓரிரு ஆண்டுகளில் போர் விமானத்தில் உட்காரவைக்க வேண்டியிருந்தது. லாகூருக்கு அருகே வால்ட்டனில் அடிப்படை வகுப்புகள். பிறகு ஐதராபாத்தின் பேகம்பேட்டையிலோ ஜோத்பூரிலோ டைகர் மாத் விமானத்தில் முதற்பறப்பு. அதில் தேறியவர்களுக்கு அம்பாலாவில் ஹார்வர்ட் போன்ற விசை கூடிய விமானங்கள். கடைசியாகப் பெஷாவர், ரிசால்பூர் பக்கம் ஹரிக்கேன் போன்ற உண்மையான போர் விமானங்கள் என்று படிப்படியாக அந்தப் பயிற்சி நடந்தது.

ஒவ்வொரு படியிலும் ஆபத்தின் தன்மை மாறியது. டைகர் மாத் என்பது சட்டத்தின் மேல் துணி போர்த்திய, இரட்டை அடுக்கு இறக்கை கொண்ட, மேலே மூடியில்லாத விமானம். முன்னிருக்கையில் ஆசிரியர், பின்னிருக்கையில் மாணவர்; இருவருக்கும் நடுவே பேச ஒரு குழாய். இயந்திரத்தை முடுக்குவதற்கு ஒருவர் கீழே நின்று முன்விசிறியைக் கையால் சுழற்றிவிட வேண்டும். சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. மெதுவாகப் பறப்பதால் பிழை செய்தாலும் பல நேரங்களில் மன்னித்துவிடும் விமானம் அது. ஹரிக்கேன் அப்படிப்பட்டதன்று. அதில் இருப்பது ஒரே இருக்கை. ஆசிரியர் பக்கத்தில் இருந்து கைப்பிடியைப் பற்றித் திருத்த வழியே இல்லை. 1,000 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட அந்த விமானத்தில் ஓர் இளைஞர் முதன்முறை பறக்கும்போதே தன்னந்தனியாகத்தான் பறக்க வேண்டும். இதை எழுதும்போதே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. வீட்டில் இருபது வயதுப் பிள்ளை இருக்கிறவர்கள் நினைத்துப் பார்த்தால் புரியும்.

விபத்துகளில் ஒரு வகையை மட்டும் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் உலகம் முழுவதும் பயிற்சி நிலையங்களில் திரும்பத் திரும்ப நடந்தது அது. விமானம் தரையை விட்டு எழும்பிச் சில நூறு அடி உயரத்தை எட்டும் நேரத்தில் இயந்திரம் நின்றுவிடுகிறது. விமானி செய்ய வேண்டியது, முகப்பைக் கீழே தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு, நேர் எதிரே எந்த வயல்வெளி தெரிகிறதோ அதில் இறங்குவது. ஆனால் முதுகுக்குப் பின்னால் பாதுகாப்பான ஓடுதளம் இருக்கிறது. திரும்பிவிடலாம் என்று மனம் துடிக்கிறது. விசையில்லாத விமானத்தைச் சாய்த்துத் திருப்பினால் வேகம் குறைகிறது; வேகம் குறைந்தால் இறக்கையின் தாங்குதிறன் அற்றுப்போகிறது; ஒரு பக்க இறக்கை தொய்ந்து விமானம் சுழன்றபடி தலைகுப்புற விழுகிறது. உயரத்தில் நடந்தால் மீட்டுவிடலாம். சில நூறு அடியில் அதற்கு நேரம் இல்லை. ‘திரும்பாதே, நேரே இறங்கு’ என்று ஆசிரியர்கள் நாள்தோறும் சொன்னார்கள். சொன்னது கைவசமாகி உடம்பில் ஏற வேண்டுமானால் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்துக்குத்தான் போர் அவகாசம் கொடுக்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: அணிவகுத்துப் பறக்கையில் ஒன்றோடொன்று மோதுவது, இரவுப் பறப்பில் திசை தவறுவது, புழுதிப் புயலிலோ மேகத்திலோ சிக்கி மலையில் முட்டுவது, வெஞ்சன்ஸ் போன்ற விமானங்களில் செங்குத்தாகப் பாய்ந்து குண்டுவீசப் பழகும்போது மேலெழத் தாமதிப்பது. மாணவர்களோடு ஆசிரியர்களும் இறந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. போர்முனையில் தப்பிவந்து, பிறருக்குக் கற்றுக்கொடுக்கப் போய் அங்கே இறந்தவர்களும் அவர்களில் உண்டு.

‘விமானியின் அனுபவக் குறைவு’ என்பதுபோன்ற காரணம் ஏதேனும் ஓர் ஆவணத்தில் உங்கள் கண்ணில் பட்டால், அதைப் பழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுபவம் பெறுவதற்காகத்தான் அவர் அந்த விமானத்தில் ஏறினார்.

கேள்வி: நாங்கள் சொல்தா குடும்பத்தை, அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். என் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரின்போது பிரெஞ்சு விமானப்படையில் பணியாற்றி, பயிற்சிப் பறப்பு ஒன்றில் இறந்ததாக வீட்டில் சொல்வார்கள். கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச்சின்னத்தில் அவர் பெயர் இல்லை. அவரை யாருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையா?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்த நினைவுச்சின்னத்தை வைத்து அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். அது 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பப்பட்டு 1938-இல் திறக்கப்பட்டது. உங்கள் தாத்தாவின் அண்ணன் அதற்கடுத்த போரைச் சேர்ந்தவர். 1940 செப்டம்பரில் ஆளுநர் போன்வேன் புதுச்சேரியை ஜெர்மனிக்குப் பணியாமல் போரைத் தொடர்ந்த ஜெனரல் தெ கோலின் சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்த்தார் என்பதும், அதற்குப் பிறகு இங்கிருந்து போனவர்கள் அந்தக் கொடியின் கீழ்தான் போனார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிரெஞ்சுச் சட்டத்தில் ‘பிரான்சுக்காக இறந்தவர்’ என்று ஒரு முறையான தகுதி இருக்கிறது. 1915 ஜூலை 2-ஆம் நாள் சட்டத்தால் ஏற்பட்டது அது; இறப்புப் பதிவின் ஓரத்தில் குறிப்பாக எழுதப்படும். போர்க்களத்தில் இறந்த படைவீரருக்கு மட்டுமின்றி, போர்க்காலத்தில் பணியின்போது நேர்ந்த விபத்தில் இறந்த படைவீரருக்கும் அந்தத் தகுதி உண்டு. ஆகவே பயிற்சிப் பறப்பில் இறந்தார் என்பது அவருக்கு எந்த விதத்திலும் தடையன்று.

முதலில் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மெமுவார் தெ ஸோம்’ இணையதளத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். கட்டணம் கிடையாது. அங்கே கிடைக்காவிட்டால், வெளிநாடுகளிலும் பழைய குடியேற்றங்களிலும் பதிவான பிரெஞ்சுக் குடிமக்களின் பிறப்பு, இறப்பு ஆவணங்களைக் கவனிக்கும் நாந்த் நகரத்து மையப் பதிவகத்துக்கு எழுதலாம். பதிவில் அந்தக் குறிப்பு விடுபட்டிருப்பது தெரிந்தால், முன்னாள் படைவீரர்களுக்கான பிரெஞ்சு தேசிய அலுவலகத்துக்குக் குடும்பத்தினர் விண்ணப்பிக்கலாம். கடிதங்களைப் பிரெஞ்சில் எழுதுவது நல்லது. உங்கள் ஊரில் அதற்கு உதவத் தெரிந்த பெரியவர்களுக்குக் குறைவில்லை.

நவம்பர் 11-ஆம் நாள் கடற்கரைச் சாலையில் மலர்வளையம் வைக்கும்போது நீங்களும் போய் நிற்கலாம். பெயர் கல்லில் இருந்தால்தான் அங்கே போக வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

கேள்வி: வெள்ளைக்காரனின் போருக்குச் சம்பளத்துக்காகப் போனவர்களை இப்போது ஏன் கொண்டாட வேண்டும்? நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவர்கள் இல்லையா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: சிறை சென்றவர்களை நினைப்பதற்கும் இவர்களை நினைப்பதற்கும் இடையே நான் பகை எதையும் காணவில்லை. சம்பளத்துக்காகச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள், பறக்கும் ஆசையால் சேர்ந்தவர்கள் இருந்தார்கள், ஆபத்து நம் கடற்கரைக்கே வந்துவிட்டது என்று சேர்ந்தவர்களும் இருந்தார்கள். 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. அந்த மாதத்தில் சென்னையையே பாதிக்கு மேல் காலி செய்துவிட்டு மக்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். இதே வங்கக் கடலோரம் வாழ்ந்த கடலூர்க்காரருக்கு அது தொலைதூரத்துப் போராக இருந்திருக்க முடியாது.

இன்னொன்றையும் பாருங்கள். 1944-இல் இம்பால் போர்முனையில் முதலாம் ஸ்குவாட்ரனை வழிநடத்திய அர்ஜன் சிங்தான் 1965 போரின்போது சுதந்திர இந்தியாவின் விமானப்படைத் தளபதி. போருக்குப் பிறகு நம் விமானப்படையைக் கட்டியெழுப்பியவர்களில் பலர் அந்தப் போர்க்காலப் பயிற்சி நிலையங்களில் உருவானவர்கள். பயிற்சியில் விழுந்தவர்கள் அவர்களோடு ஒரே அறையில் தங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள். பிழைத்தவரை நாம் தளபதி என்று வணங்குகிறோம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரைச் சம்பளக்காரர் என்று ஒதுக்குவது நியாயமாகப் படவில்லை.

அரசு நினைவிடங்களும் இவர்களுக்கு இடம் தரவில்லை. தில்லி இந்தியா கேட்டில் இருப்பவை முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கானியப் போரிலும் இறந்தவர்களின் பெயர்கள். 2019-இல் அதன் அருகே திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் இருப்பவர்கள் சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்தவர்கள். நடுவில் இறந்த இந்தத் தலைமுறைக்குக் குடும்பமும் ஊரும்தான் நினைவிடம்.

கேள்வி: உளுந்தூர்பேட்டையில் போர்க்கால விமான ஓடுதளம் இருக்கிறதே, எங்கள் உறவினரும் அங்கேதான் இறந்திருப்பாரோ?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: அந்த ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது என்பது சரி, அப்போது அது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ஆனால் இந்திய விமானப்படையின் பயிற்சிப் பள்ளிகள் நான் மேலே சொன்ன ஊர்களில்தான் இயங்கின. வீட்டில் பழைய தந்தி இருந்தால் அதில் உள்ள ஊர்ப் பெயரை நம்புங்கள். ஊகத்தை நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் உறவினரின் பெயரைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. எப்படித் தேடுவது? நேரில் போய் அஞ்சலி செலுத்த அருகில் இடம் இருக்கிறதா?
— வாசகர், பண்ருட்டி

பதில்: பெயர் கிடைக்காததற்குப் பெரும்பாலும் நம் பெயர் முறையே காரணம். நமக்கு முதலெழுத்து தந்தையின் பெயர். படை அலுவலகத்தின் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்டது. சிலர் தம் பெயரையே எழுதினார்கள், சிலர் தந்தை பெயரை எழுதினார்கள், சிலர் சாதிப் பட்டத்தை எழுதினார்கள். மூன்றையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் எழுத்தருக்கு எழுத்தர் மாறும். அதனால் பெயரை அறவே விட்டுவிட்டு, இந்தியப் படை, விமானப்படை, இறந்த ஆண்டு என்பவற்றை மட்டும் கொடுத்து வரும் பட்டியலை ஒவ்வொன்றாகப் படிப்பது நல்ல வழி. பணி எண் தெரிந்தால் வேலை எளிது.

தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லறை இராது; பெயர் நினைவுப் பட்டியலில் இருக்கும். சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவிடத்தில் 24,000-க்கும் மேற்பட்ட தரைப்படை, விமானப்படை வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. தில்லி–கராச்சி நினைவுப் பட்டியலில், பிரிக்கப்படாத இந்தியாவின் படைகளைச் சேர்ந்த 25,000-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். உங்கள் உறவினரை இவ்விரண்டிலும் தேடிவிட்டுத்தான் இல்லை என்று சொல்ல வேண்டும்.

நேரில் போவதற்கு நமக்கு அருகில் இருப்பது சென்னை நந்தம்பாக்கத்தில், மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் உள்ள போர்க்கல்லறைத் தோட்டம். தென்னிந்தியாவின் பல ஊர்க் கல்லறைகளில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களின் உடல்களை ஓரிடத்தில் சேர்ப்பதற்காக 1952-இல் அமைக்கப்பட்ட அந்த இடத்தில் 850-க்கும் மேற்பட்டோர் அடக்கமாகியிருக்கிறார்கள். அங்கே போனால் கற்களை விரைந்து கடந்துவிடாமல் நின்று படியுங்கள். மேலே படைப்பிரிவின் சின்னம். விமானப்படையென்றால் விரித்த சிறகோடு கழுகு. அதன் கீழே பணி எண், பதவி, பெயர். அதற்கடுத்து விமானியா, வழிகணிப்பவரா, துப்பாக்கி இயக்குபவரா என்பது. பிறகு இறந்த நாள், வயது. விமானப்படைக் கற்கள் இரண்டு மூன்றில் ஒரே நாள் பொறித்திருந்தால், அவர்கள் ஒரே விமானத்தில் சென்றவர்களாக இருக்கலாம். கல்லின் அடியில் தாயோ மனைவியோ எழுதிக் கொடுத்த ஒரு வரி இருக்கும். இத்தனை எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது என்று அதற்கு வரம்பு இருந்தது. உங்கள் உறவினர் பெயர் அங்கே இல்லாவிட்டாலும், அவரைப் போன்ற நிலையில் இறந்த, வந்து பார்க்க யாருமில்லாத அயல்நாட்டுப் பிள்ளைகளின் கல்லுக்கு ஒரு பூ வைத்துவிட்டு வரலாம்.

எங்கும் பெயர் இல்லையென்று உறுதியானால் ஆணையத்துக்கே எழுதுங்கள். முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் பலருடைய பெயர்கள் முறையாகப் பதிவாகவில்லை என்று 2021-இல் வெளியான அறிக்கையில் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறது. விடுபட்ட பெயர்களைச் சேர்ப்பதற்கும் பிழைகளைத் திருத்துவதற்கும் அங்கே வழி இருக்கிறது. அவர் பணியில் இருக்கும்போது இறந்தார் என்பதைக் காட்டும் ஏதேனும் ஓர் ஆவணம் வேண்டும்: தந்தி, படை அலுவலகக் கடிதம், குடும்ப ஓய்வூதிய உத்தரவு, அக்கால நாளிதழ்ச் செய்தி. அசலை அனுப்பிவிடாதீர்கள்; மடிப்புகளைப் பிரித்து, இரு பக்கமும் தெளிவாகத் தெரியும்படி எடுத்த நகல் போதும்.